ஆலைத் தெரு, பதினாலாம் எண்

எங்கள் நகராட்சிக்குத் திடீரென்று பழசின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாத் தெருவுக்கும் பளபளக்கும் அலுமினியப் பலகை என்று முடிவெடுத்து, பாதி நகரத்தில் மாட்டியும் முடித்த பிறகு, மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய பலகைகளில் எத்தனை மிச்சம் என்று கேட்டுவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாத வேலைகளெல்லாம் வந்து விழும் மேஜை என்னுடையது. வரைபடப் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். ஒரு ஏணியையும் அளவு நாடாவையும் ஒரு கட்டுப் படிவங்களையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தெருவின் பெயர், பலகையின் வகை, இருக்கும் இடம், நிலை என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: மூல இடத்திலேயே உள்ளதா?

இரண்டே வாரத்தில் கண் பழகிவிட்டது. மிகப் பழையவை வார்ப்பிரும்பு. எழுத்து மேலெழும்பி நிற்கும்; வருடா வருடம் பெயின்ட் பூசிப் பூசி எழுத்துகளுக்கெல்லாம் கன்னம் வீங்கியிருக்கும். அதற்கு அடுத்து எனாமல். கருநீலத்தில் வெள்ளை எழுத்து, நாலு ஓரமும் வெள்ளைக் கோடு, மழைநீர் தங்காமல் வழிவதற்காக நடுவில் லேசான புடைப்பு. பணக்காரர்கள் இருந்த பகுதியில் எழுத்துக்கு ஒரு பீங்கான் ஓடாகச் சுவரிலேயே பதித்திருப்பார்கள். ஓர் எழுத்து உதிர்ந்தால் பல் போன வாய்தான். மற்றவர்களுக்குச் சுவரில் கறுப்புப் பெயின்ட், பெரிய மனது வைத்து எழுத்துக்கு ஒரு நிழல்.

எங்கே மிஞ்சியிருக்கும் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். அண்ணன் தம்பி வழக்காடும் வீட்டுச் சுவரில் பத்திரமாக இருக்கும், ஏனென்றால் யார் வெள்ளையடிப்பது என்பதே தீர்ப்பாகியிருக்காது. மின்பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அதிகாரிகளின் கார் நுழையாத சந்துகளில் இருக்கும். நன்றாகப் பராமரிக்கப்படும் தெருக்களில் ஒன்றுகூட இருக்காது.

பலகை என்றாலே எனக்கு அப்பாதான். நகராட்சியில் முப்பத்து நாலு வருடம் தெருப் பலகை மாட்டியவர். கூட வேலை செய்தவர்கள் அவரைத் 'தூக்குக்குண்டு' என்பார்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் கயிற்றில் தொங்கவிடுவாரே, அந்தக் குண்டு. ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. அவர் மாட்டிய பலகை இம்மி சாயாது. திருகாணியை முடுக்கி முடிக்கும்போது தலையிலுள்ள வெட்டு மேலும் கீழுமாக நேரே நிற்கும்படி விடுவார். படுக்கையாக நின்றால் வெட்டில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்குமாம். நகரத்தின் எந்த மூலையிலும் திருகாணியைப் பார்த்தே அது அப்பா மாட்டியதா என்று நான் சொல்லிவிடுவேன். சொல்லும்போது கொஞ்சம் கர்வமாகவும் இருக்கும்.

வீட்டில் அவரிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. "இடது பக்க அலமாரியில இருக்கு" என்று அம்மா சொன்னால் போதும், "யாரோட இடது? உன்னோடதா, அலமாரியோடதா?" என்று கேட்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். தெருவில் வழி கேட்பவரிடமும் இதே கேள்விதான். எங்கள் வீட்டில் அது ஒரு நிரந்தரச் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவள் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகலில், ஆலைத் தெருவும் பழைய நீர்த்தொட்டித் தெருவும் சேரும் முக்குக்குப் போனேன். முக்கில் ஒரு சைக்கிள் கடை. கடையின் வாசல் மூலையை வெட்டினாற்போல் சரியாக முக்கைப் பார்த்து இருந்தது. வாசலுக்கு இரு பக்கமும் இரண்டு சுவர்கள், ஒவ்வொன்றும் ஒரு தெருவைப் பார்த்தபடி. ஆலைத் தெருச் சுவரில் குட்டையான ஒரு எனாமல் பலகை. நீர்த்தொட்டித் தெருச் சுவரில், பெயர் நீளமாயிற்றே, அதைப் போல இரு மடங்கு நீளத்தில் இன்னொன்று. எதிர்ப்பக்கத்து முக்குகளில் பலகை கிடையாது. ஒரு பக்கம் மின்வாரியக் கொட்டகை, மறுபக்கம் விளையாட்டு மைதானத்தின் கம்பி வேலி. வழி தெரியாமல் வருபவருக்கு இந்த இரண்டு பலகைதான் கதி.

இரண்டும் அருமையான நிலையில் இருந்தன. திருகாணி வெட்டுகள் நேராக நின்றன. அப்பா கை என்று சிரித்துக்கொண்டேன்.

அசிங்கமாக இருந்தது சுவர்தான். குட்டைப் பலகைக்கு இரு பக்கமும், அதிலிருந்து முக்கால் அடி தள்ளி, பழுப்பு நிறத்தில் இரண்டு கறைகள் கீழ்நோக்கி வழிந்திருந்தன. ஒரே உயரத்தில், ஜோடியாக. சைக்கிள் கடைக்காரர் கை துடைத்துக்கொண்டே வெளியே வந்து அந்தக் கறையைப் பற்றிப் புலம்பினார். அவருடைய அப்பா காலத்திலிருந்து இப்படித்தானாம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே நீளத்துக்கு மேலே வந்துவிடுமாம். சுரண்டியும் பார்த்தாயிற்று, பூசியும் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டப்போகிறேன், அதற்குள் பலகையைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்றார்.

ஏணியைச் சாத்தி மேலே ஏறினேன். அப்போது பின்னால் ஒரு கார் மெதுவாக வந்து முக்கில் நின்றது. ஏணி வழியை மறிக்கிறதோ என்று, அது போகட்டும் என அசையாமல் நின்றேன். என்ஜின் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே இருந்தது, யாரோ எதையோ படித்துப் பார்க்கிற நேரம். பிறகு நீர்த்தொட்டித் தெருப் பக்கம் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு தெருவும் வெறிச்சோடிக் கிடந்தன. வெயிலில் காது அடைத்துவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஏணிக்குக் கீழே ஓர் அம்மாள் நின்றிருந்தாள். அறுபது வயது இருக்கும். கழுத்தில் தையல்காரர்களின் அளவு நாடா. தலையை அண்ணாந்து குட்டைப் பலகையை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். நான் நகராட்சியா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இந்தப் பலகை சரியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. அண்ணாந்து படிக்கத் தெரிகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"நான் படிச்சாப் போதாதும்மா," என்றாள். "வேற யாராவது படிச்சுச் சொல்லணும்."

அவள் சொன்ன விதத்தில் என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, வெயிலில் நிற்கிறேனே என்று வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேநீர் குடிக்கச் சொன்னாள். ஆலைத் தெரு, பதினாலாம் எண். முக்கிலிருந்து ஏழாவது வீடு.

முன்னறையே தையல் அறை. ஜன்னலோரம் இயந்திரம், சுவரில் வரிசையாகத் தொங்கும் வெட்டிய துணிகள், ஒவ்வொன்றிலும் குத்திய துண்டுக் காகிதத்தில் வாடிக்கையாளர் பெயரும் முகவரியும். முகவரியை எழுதியதும் அவர்களையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாளாம். உள்சுவரில் முப்பது முப்பத்தைந்து வயது ஆணின் படம், அடியில் ஒரு தேதி. முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தேதி.

கதையை அவளே சொன்னாள், பல தடவை சொல்லித் தேய்ந்துபோன குரலில். அவள் கணவனுக்கு ஒரு மத்தியானம் நெஞ்சு வலி வந்தது. தெருக் கோடி மருந்துக் கடைக்கு ஓடி, அங்கிருந்த போனில் டாக்டரைக் கூப்பிட்டாள். ஆலைத் தெரு, பதினாலு என்றாள். ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர். கார் முக்கு வரைக்கும் வந்த சத்தம் அவள் காதிலேயே விழுந்தது. மணி மூன்று பத்து. வாசலுக்கு ஓடிப்போய் நின்றாள். கார் மறு தெருவுக்குத் திரும்பிப் போய்விட்டது. நீர்த்தொட்டித் தெருப் பதினாலாம் எண்ணில் கதவைத் தட்டிவிட்டு, இங்கே யாருக்கும் உடம்பு சரியில்லை என்று அவர்கள் சொல்லவும், டாக்டர் திரும்பிப் போய்விட்டார். வேறு வண்டி பிடித்துக் கணவனைக் கொண்டுபோனபோது மூச்சு இல்லை.

எல்லாரும் டாக்டரைப் பிடித்து உலுக்கினார்கள். பலகையில் ஆலைத் தெரு என்று படித்துத்தான் திரும்பினேன் என்று அவர் அடித்துச் சொன்னார். மூன்றாம் நாள், சரி வா பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். பலகை ஒழுங்காக இருந்தது. டாக்டரே குழம்பிப்போய், அப்படியானால் அந்தம்மா போனில் வேறு பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

"நாலாவது நாள் நானும் போய்ப் பார்த்தேன்," என்றாள். "போர்டு சரியாத்தான் இருந்துச்சு. அப்ப நான்தானே தப்பாச் சொல்லியிருக்கணும்? என் வாயில அன்னைக்கு என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியலம்மா."

மாமியார் சாகும்வரை சொன்னாளாம், தெருப் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள் என்று. அப்போது ஆறு வயதாயிருந்த மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள். இப்போது தூரத்தில் இருக்கிறாள். மாதம் ஒரு முறை போன் பேசுவாள், ஐந்து நிமிடம். தினமும் மூன்று பத்துக்கு அந்தக் கார் முக்கில் வந்து நின்று, படித்துப் பார்த்து, அந்தப் பக்கம் திரும்பிப் போகிற சத்தம் கேட்கும். உடனே எழுந்து போய்ப் பலகையைப் படிப்பாள். ஒரே ஒரு நாளாவது அது தப்பாக இருந்துவிடாதா என்றுதான்.

தேநீர் ஆறிப்போனது. நானும் கேட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி முக்குக்கு வந்தேன். கால் தானாக ஏணியில் ஏறியது. கறைகளின் நடுவே இருந்த தூரத்தை அளந்தேன். முப்பத்தாறரை அங்குலம். கடைக்காரரிடம் சுத்தியும் திருப்புளியும் வாங்கி வந்தேன். சுத்தியால் தட்டி மேல்பூச்சை உதிர்த்ததும் உள்ளே முறிந்த திருகாணியின் அடிக்கட்டை இருந்தது. இரண்டு கறையிலும் ஒவ்வொன்று. நீர்த்தொட்டித் தெருச் சுவருக்குப் போய் நீளப் பலகையை அளந்தேன். திருகாணிக்குத் திருகாணி முப்பத்தாறரை. அதைக் கழற்றினேன். பின்னால், சுவரில், பெயின்டர்கள் பூசும் மக்கு வைத்து அடைத்த இரண்டு துளைகள், பதினெட்டு அங்குல இடைவெளியில். குட்டைப் பலகையின் அளவு.

குட்டைப் பலகையையும் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் சிவப்புப் பெயின்ட்டில் 'இடது' என்று எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து. கடைக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். ஆலைத் தெரு என் இடப்பக்கம் இருந்தது. கடையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஆலைத் தெரு வலப்பக்கம் போய்விட்டது.

யாரோட இடது?

பலகைகளை மறுபடி மாட்டிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய வேலைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். இருந்தது. சைக்கிள் கடைச் சுவர்கள் இரண்டுக்கும் புதுப் பூச்சு வேலை, அதற்காகப் பலகைகள் கழற்றப்பட்டன. பூச்சு காய்ந்த பின் மறுபடி மாட்டப்பட்டன. தேதி, கீழே அப்பாவின் கையெழுத்து. அந்தத் தேதிக்கும் தையல்காரம்மாவின் வீட்டுப் படத்தின் கீழிருந்த தேதிக்கும் ஒன்பது நாள் வித்தியாசம். அதற்குப் பிறகு அந்த முக்கில் எந்த வேலையும் நடந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் புதிதாகப் பூசிய சுவரில் ஒரே ஒரு முறை பலகை மாட்டினால் ஒரு ஜோடித் துளைதானே இருக்க வேண்டும்? இரண்டு ஜோடி இருந்தது, இரண்டு சுவரிலும். யாரோ இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். பிறகு யாருக்கும் தெரியாமல் வந்து சரியாக மாட்டியிருக்கிறார்கள். இரண்டு முறையும் ஒரே கை.

மாறிக் கிடந்த நாட்களில் அந்தத் தெருக்காரர்கள் ஒருவர்கூடக் கவனிக்கவில்லையா என்றால், கவனித்திருக்கமாட்டார்கள். சொந்தத் தெருவின் பலகையை யாரும் படிப்பதில்லை. வழி தெரியாதவன்தான் படிப்பான்.

வியாழக்கிழமை காலை அப்பா சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உரித்த பற்களைத் தட்டில் வரிசையாக அடுக்குவது அவர் வழக்கம். இரவெல்லாம் எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கேட்டபோது வேறு மாதிரி வந்துவிட்டது.

"அப்பா, ஆலைத் தெரு முக்குல, யாரோட இடது?"

கை நின்றது. பூண்டுத் தோலை விரலிலிருந்து துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"கடைக்கு முதுகைக் காட்டி நின்னு எழுதினேன்," என்றார். "மாட்டுறப்ப கடையைப் பார்த்து நின்னேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஒரு மனிதன் செத்ததற்கும் இன்னொருத்தி முப்பத்தொரு வருடமாகச் செத்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் அவ்வளவுதான்.

மெல்ல மெல்ல மீதியும் வந்தது. சம்பவம் நடந்த மறுநாளுக்கு மறுநாள், அந்த மருந்துக் கடைக்கு ஏதோ மாத்திரை வாங்கப் போனபோது பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார். நேரே முக்குக்குப் போய்ப் பார்த்தார். சாயங்காலம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் தனியாக ஏணியோடு வந்து மாற்றினார். ஆலைத் தெருச் சுவரில் இரண்டு திருகாணி கழலவில்லை. நேரம் ஆகிறது என்று தலையை முறித்து மேலே மக்குப் பூசிவிட்டார். தன் ஆயுளில் செய்த ஒரே அரைகுறை வேலை அது என்றார். எதற்கு வருத்தப்படுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"திருத்திட்டேன்ல," என்றார்.

"போர்டைத் திருத்தினீங்க. அதனாலதான் அந்தம்மா போய்ப் பார்த்தப்ப அது சரியா இருந்துச்சு. அப்படியே விட்டிருந்தாக்கூட அவங்க பொழைச்சிருப்பாங்க."

இதை அவர் யோசித்திருக்கவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பதினோரு நாள் பிசகை நிமிர்த்திவிட்டதாகத்தான் இத்தனை வருடம் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டவன் நான், வேலை போய்விடும் என்று பயந்தேன், நீ அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய் என்றார். அம்மாவுக்குத் தெரியும் என்றார். செத்துப்போன அம்மாமேலும் எனக்குக் கோபம் வந்தது. நான் மூன்றாவது படித்ததைச் சாக்காகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. அந்த அம்மாளின் பெண் அப்போது ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

வாங்க போகலாம், நேரில் சொல்லுங்கள் என்றேன். முடியாது என்று தலையாட்டினார். இத்தனை வருடம் கழித்துப் போய் என்னத்தைச் சொல்வது என்றார். தினமும் மூன்று பத்துக்குக் கார் சத்தம் கேட்டு அவள் எழுந்து போய்ப் பலகையைப் படிப்பதைச் சொன்னேன். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பைத்தியமா என்று கேட்கிற பார்வை இல்லை அது. தானும் கேட்டிருக்கிற ஆளின் பார்வை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

அலுவலகத்தில் படிவம் காத்திருந்தது. மூல இடத்திலேயே உள்ளதா? வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'ஆம், பதினோரு நாட்கள் தவிர' என்று எழுதினேன். அதிகாரி படித்தால் என்ன நினைப்பார் என்று கவலைப்படவில்லை. மறுநாள் அந்தச் சுவரில் டைல்ஸ் ஏறிவிடும். துளையும் கறையும் அதோடு மறையும். இன்றைக்கு விட்டால் அந்த அம்மாளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

இரண்டரை மணிக்கு ஆலைத் தெருவில் இருந்தேன். தையல்காரம்மாவை முக்குக்குக் கூட்டிப்போய் ஏணியைச் சாத்திக் கறையைக் காட்டினேன். சொன்னால் புரியாது என்று நினைத்தேன். பாதி சொல்வதற்குள் அவள் கழுத்திலிருந்த நாடாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள். கறையிலிருந்து கறைக்கு அளந்தாள். இறங்கி, மறு சுவரில் ஏறி, நீளப் பலகையை அளந்தாள். மறுபடி வந்து கறையை அளந்தாள். மூன்று தடவை. நாற்பது வருடம் அளந்த கை, அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. பிறகு முறிந்த திருகாணியின் அடிக்கட்டையில் விரல் நுனியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கடைக்காரர் கையில் டியூபோடு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் கேட்டது நான் பயந்த கேள்வியைத்தான்.

"மாத்தி மாட்டினது சரி. திருப்பி மாட்டினது யாரு?"

யாரென்று தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து போய்விடலாம். உண்மையாகவே அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. என் அப்பாவின் பிள்ளைதானே நானும்.

அப்போது முக்கில் கார் வந்து நின்றது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. என்ஜின் உறுமிக்கொண்டே நின்றது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் எழுந்திருக்கவில்லை. "இப்பப் போயிடும்," என்றாள்.

போகவில்லை. சத்தம் இந்தப் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு வீடாகத் தாண்டி மெதுவாக நெருங்கி வந்தது. தொங்கிய துணிகளில் குத்தியிருந்த காகிதங்கள் லேசாக அதிர்ந்தன. வாசலுக்கு நேரே வந்து நின்றது. கார்க் கதவு திறந்து மூடியது. அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு.

அவள் எழுந்து போய்த் திறந்தாள். நானும் பின்னாலேயே போனேன், என்ன நிற்கிறதோ என்று பார்க்கப் பயந்துகொண்டே.

அப்பா நின்றிருந்தார். வேலைக்குப் போன காலத்து முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். பின்னால் வாடகைக் கார். வாசற்படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஆலைத் தெரு, பதினாலாம் நம்பர் இதுதானே?" என்று கேட்டார்.

"ஆமா," என்றாள். யாரையும் படிக்கச் சொல்லிக் கேட்காமல், எங்கேயும் பார்க்காமல் சொன்னாள்.

"போர்டை மாத்தி மாட்டினது நான்தாம்மா. திருப்பி மாட்டினதும் நான்தான். யார்கிட்டயும் சொல்லல."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அப்பாவின் மூக்கு. பார்த்த யாருக்கும் தெரிந்துவிடும்.

"அப்ப நான் சரியாத்தான் சொன்னேன்."

"சரியாத்தான் சொன்னீங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அவள் அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்த் தையல் இயந்திரத்தின் மேலிருந்த போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் ஏன் கூப்பிடுகிறாய் என்று மகள் கேட்டிருக்க வேண்டும். இவள் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அன்னைக்கு நான் ஆலைத் தெருன்னுதான் சொன்னேன்," என்றாள். "ஆமா. பதினாலு. இங்க ஒருத்தர் நிக்கிறாரு, அவர்கிட்டயே கேளு."

வாசலுக்கு வந்து போனை நீட்டினாள். அவள் வாசற்படிக்கு உள்ளே, அப்பா வெளியே. அவர் எட்டி வாங்கி, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். முதுகைக் காட்டி நின்றது, பார்த்து நின்றது, ஏணி, மக்கு, எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, ஒன்றும் சொல்லவில்லையோ. வெயில் அவர் தலையில் அடித்தது.

போனைத் திருப்பி வாங்கிக்கொண்ட தையல்காரம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மகளோடு பேச ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, பேச்சு நிற்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. அப்பா அங்கேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அது என் வீடு இல்லை.